வெந்நீர்த் தொட்டியில் விளைந்த மணிகள்

குளியல் கூடத்தில் எல்லோரும் அவரைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், யாரையோ தேடுகிறார்கள் என்று நினைத்து அவரும் கூடச் சேர்ந்து தேடுவார். உட்கார்ந்த நிலையில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. தேநீரை நடந்துகொண்டே குடிப்பார். முடிதிருத்துபவர் "தலைய ஆட்டாதீங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், ஆடுகிற தலைக்கு ஏற்பக் கத்தரியை ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். இளவயதில் கப்பலின் இயந்திர அறையில் எண்ணெய் போடும் வேலை பார்த்தவர். அங்கே காலடித் தரை இருபத்துநாலு மணி நேரமும் அதிர்ந்துகொண்டே இருக்கும். கடலை விட்டுவிட்டு வந்து, தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டு, மைத்துனன் மேனேஜராக இருந்த குளியல் கூடத்தில் குழாய் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஆடாத தரை அவருக்குப் பழகவே இல்லை.

கூடம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சலவைக் கடையும் சைக்கிள் கடையும் இருந்த தெருவின் முடிவில் இருந்தது. நிலத்துக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊற்று ஒன்று குமிழியிட்டுக்கொண்டு மேலே வரும். கை வைத்தால் சுடும், ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீர் முதலில் தொட்டி அறையில் இருந்த பெரிய கல் தொட்டியை நிரப்பி, அங்கிருந்து இரண்டு குழாய்களாகப் பிரிந்து, ஆண்கள் குளத்துக்கும் பெண்கள் குளத்துக்கும் போகும். முழங்கால் வலி, இடுப்பு வலி, தோள்பட்டை வலி என்று வருகிறவர்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் வலியை ஒருவர் விசாரிப்பார்கள். வாசலில் துண்டு கொடுக்கும் கவுன்டரில் பம்பரத்தின் மனைவி இருப்பாள். வருகிறவர்கள் அவளைத் துண்டக்கா என்பார்கள். கணவர் எவ்வளவுக்கு எவ்வளவு அலைகிறாரோ அவ்வளவுக்கு அவ்வளவு இவள் அமைதி. "ரெண்டு பேருக்குமான ஆட்டத்த அவரே ஆடிடறார், எனக்கு மிச்சம் வைக்கிறதில்ல" என்பாள்.

தொட்டியின் அடியில் மணிகள் கிடந்தன. கடுகளவு, மிளகளவு, சில சமயம் பட்டாணி அளவு. வெளுத்த மஞ்சள் நிறத்தில், செய்து வைத்தது போன்ற உருண்டை. ஊற்று பொங்கும் இடத்தில் அவை எழும்பும், புரளும், ஓரமாக ஒதுங்கும், கொஞ்ச நேரம் கிடக்கும், மறுபடி இழுபட்டு நடுவுக்குப் போகும். வேலையாட்கள் அதை மீன்முட்டை என்பார்கள். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. குழாயின் வாயில் இருந்த சல்லடையை அது அடைத்துக்கொள்ளும் என்பது மட்டும்தான் பம்பரத்துக்குத் தெரியும். வாரம் தவறாமல் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, மண்வெட்டியால் கொஞ்சம் அள்ளி வெளியே கொட்டுவார். அள்ளிய இடம் சில வாரத்தில் நிரம்பிவிடும். அது அவருக்குப் பெரிய எரிச்சல். தனக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று இந்த அறையில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது போல.

ஒரு நாள் காலை பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பதைத் தொடும் வயது, முழங்கால் வரை ரப்பர் காலணி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி. மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நேராகத் தொட்டி அறைக்கு வந்தவள், துணி நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் தோள் வரை கையை விட்டு ஒரு பிடி மணியை எடுத்தாள். அன்றைக்கே வேலையாட்கள் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"அண்ணா, இத நீங்க எங்க கொட்டுவீங்க?"

"பின்னாடி பள்ளத்துல. ஏன் மேடம், எதாவது தப்பா?"

"தப்பு ஒண்ணும் இல்ல. இங்க வாங்க."

ஒரு மணியை இடுக்கியில் பிடித்து, சின்ன ரம்பத்தால் பாதியாக அறுத்து, மேல் கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து விழும் வெளிச்சத்தில் காட்டினாள். பம்பரம் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார். உள்ளே வளையம் வளையமாக இருந்தது. வெங்காயத்தை வெட்டியது போல ஒன்றைச் சுற்றி ஒன்று. நடுவில் ஒரு துளி மணல்.

"அந்த மணல் துளிதான் ஆரம்பம். அது மேல ஒவ்வொரு பூச்சா சுண்ணாம்பு ஏறியிருக்கு. உருண்டுட்டே ஏறினதால உருண்டையா ஆயிருக்கு."

"தண்ணில சுண்ணாம்பு இருக்கு, அது தெரியும். குழாயெல்லாம் படியுதே."

"சுண்ணாம்பு இருக்கு. ஆனா அத மணி மேல உக்கார வைக்கிறது யாருங்கறதுதான் எங்க சண்டை." அவள் ஒரு முழு மணியை அவர் விரலில் வைத்தாள். "தடவிப் பாருங்க."

வழவழவென்று இருந்தது. தேய்த்தால் விரலில் பச்சையும் பழுப்புமாக ஒட்டியது.

"இது நுண்ணுயிர். கண்ணுக்குத் தெரியாத உயிர், கோடிக்கணக்குல. வெளிச்சம் பட்டா செடி மாதிரி தண்ணில இருக்கற கரியமில வாயுவ இழுத்துக்கும். வாயு குறைஞ்சா தண்ணியால சுண்ணாம்பக் கரைச்சு வச்சிருக்க முடியாது, அங்கயே இறக்கிடும். இந்தப் பசை அதப் பிடிச்சு வச்சுக்கும். நான் இப்படித்தான் நினைக்கிறேன். இல்ல, தண்ணியும் சுண்ணாம்புமே போதும், இந்த உயிரெல்லாம் சும்மா ஒட்டிட்டு சவாரி போகுதுங்கறவங்களும் இருக்காங்க. எங்க துறையிலயே ரெண்டு அறை தள்ளி ஒருத்தர் இருக்கார்."

"யார் சொல்றது சரி?"

"அதுக்குத்தான் இங்க வந்திருக்கேன். ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. அடைப்புக்காகக் கொஞ்சமா அள்றது அள்ளிக்குங்க. ஆனா தொட்டியில ப்ளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் போட்டுடாதீங்க. ரெண்டு வருஷம் இத அப்படியே பாக்கணும்."

பம்பரம் தலையாட்டினார். அவர் தலை எப்போதும் ஆடுகிற தலைதான் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் மாதம் ஒரு முறை வந்தாள். சின்னச் சின்னப் புட்டிகளில் தண்ணீரும் மணியும் எடுத்துக்கொண்டு போனாள். பம்பரத்துக்கோ அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. இதுவரை வெறும் தொட்டியாக இருந்தது இப்போது குடியிருப்பு ஆகிவிட்டது. காலையில் கதவைத் திறந்து உள்ளே போகும்போது, யார் வீட்டுக்குள்ளோ சொல்லாமல் நுழைகிற மாதிரி செருமிக்கொண்டு போனார். மணியைத் தொட்டால் கையைக் கழுவினார், கழுவியபின் ஏன் கழுவினோம் என்று யோசித்தார். இதை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொள்ள முடிந்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கால் நிற்காதவருக்கு நாக்கு மட்டும் நிற்குமா என்ன?

துண்டுக் கவுன்டரில் ஒரு மத்தியானம் முன்னாள் தபால்காரர் நின்றிருந்தார். வேலைக்காலம் முழுக்க ஊரெல்லாம் நடந்து, ஓய்வு பெற்ற மறுவாரமே முழங்கால் இரண்டும் மக்கர் செய்யத் தொடங்கிய மனிதர். நாள் தவறாமல் வருவார்.

"ஐயா, சங்கதி தெரியுமா?" என்றார் பம்பரம். "நம்ம தண்ணில உயிர் இருக்கு. கோடிக்கணக்குல. உள்ள உக்காந்து கல்லு கட்டுது."

துண்டக்கா அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

சாயங்காலம் சலவைக் கடையில் அது 'கிருமி' ஆகியிருந்தது. மறுநாள் சைக்கிள் கடையில் 'புழு'. வாரம் முடிவதற்குள், குளித்துவிட்டுப் போன ஒரு அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பாம் என்று, அந்த அம்மா யார், எந்தத் தெரு என்று தெரியாமலே, பேருந்து நிலையம் வரை பேசினார்கள். பெண்கள் குளத்தில் கூட்டம் பாதியானது. ஆண்கள் வந்தார்கள், ஆனால் தண்ணீரில் இறங்குவதற்கு முன் குனிந்து உற்றுப் பார்த்தார்கள். தபால்காரர் மட்டும் வழக்கம் போல இறங்கினார். "இந்த முட்டியக் கடிச்சா அதுக்குத்தான் பல்லு போகும்" என்றார்.

மேனேஜர் பம்பரத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். வயதில் சின்னவன், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுகிற பழக்கம்.

"அத்தான், நான் உங்களக் குத்தம் சொல்லல."

"சொல்லேன்."

"சரி, சொல்றேன். உங்க வாய்தான் அத்தான் எல்லாத்துக்கும் காரணம். இப்ப என்ன பண்றது? தொட்டியக் கழுவினோம், மருந்து போட்டோம்னு வாசல்ல எழுதிப் போட்டாத்தான் ஜனங்க திரும்பி வருவாங்க."

"அந்த மேடம் போடாதீங்கன்னு சொன்னாங்களே."

"அடுத்த வாரம் வருவாங்கல்ல, கேட்டுட்டே செய்யலாம். ஒரு வாரம்தானே."

கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று சொன்னது மேனேஜர். இதைப் பிற்பாடு அவன் பல பேரிடம் சொல்லிக் காட்டினான், சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் ஒரு வாரம் என்பது பம்பரத்துக்குத் தாங்குகிற காலம் இல்லை. தன் வாயால் வந்த வினை தன் கையால் தீர வேண்டும் என்று அவருக்குள் ஒரு சக்கரம் சுழல ஆரம்பித்துவிட்டது. வாராந்திர விடுமுறை நாளன்று தனியாகப் போய், ஊற்றுத் தண்ணீரை வெளி வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு, தொட்டியை வடித்து, இருந்த மணி அத்தனையும் கூடை கூடையாக அள்ளிப் பள்ளத்தில் கொட்டினார். சுவரையும் தரையையும் இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்தார். கண்ணில் நீர் வழிய வழிய ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். தொட்டி அதன் வாழ்நாளில் அப்படிப் பளிச்சென்று இருந்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டில் முழுதாக ஒரு பத்திரிகையை உட்கார்ந்து வாசித்ததைப் பார்த்து, துண்டக்கா அவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

பூதக்கண்ணாடி வந்தபோது தொட்டியின் அடி வெறும் கல்லாக இருந்தது. கையை விட்டுத் துழாவினாள். ஒரு மணி கூட அகப்படவில்லை. சுவரை விரலால் தடவி முகர்ந்து பார்த்தாள்.

"யார் பண்ணது?"

"நான்தான் மேடம். ஊர்ல பேச்சு கெட்டுப்போச்சு. அதான்."

அவள் திட்டவில்லை. கையில் இருந்த காலிப் புட்டிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் திரும்ப அடுக்கினாள். அடுக்கி முடித்துப் பெட்டியை மூடினாள். பிறகு, "வர்றேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போகிற வேகத்தைப் பார்த்தால் இனி வருகிறவள் மாதிரி இல்லை. திட்டியிருந்தால் பம்பரம் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பார். சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதுதான் அவரைத் தின்றது. அன்றைக்குக் கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே எத்தனை தடவை போய் வந்தாரோ, சைக்கிள் கடைக்காரர் "என்ன, ரோட்ட அளக்கறீங்களா" என்று கேட்டார்.

வாசலில் அறிவிப்பு வைத்ததும் கூட்டம் திரும்ப வந்தது. சல்லடை அடைக்கவே இல்லை. மேனேஜருக்கு மகிழ்ச்சி. பம்பரமும் தான் செய்தது சரிதான் என்று தனக்கே சொல்லிப் பார்த்தார். ஆனால் சுவருக்குள் ஓடும் குழாயின் சத்தம் மாறியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. முன்பு தொண்டை நிறைய ஓடியது இப்போது பல்லிடுக்கில் போகிற மாதிரி இருந்தது. நடைவழியில் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பார். குளிக்க வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். "எல்லாம் உங்க மனசுக்குள்ள ஓடற சத்தம் அத்தான்" என்றான் மேனேஜர்.

மனசுக்குள் இல்லை. சில மாதங்களில், முதலில் பெண்கள் குளத்தில் தண்ணீர் சன்னமானது. பிறகு ஆண்கள் குளத்திலும். பம்பரம் நடைவழியின் மேல் ஓடிய பெரிய குழாயின் மூட்டைக் கழற்றப் போனார். குழாயைத் தாங்கிப் பிடிக்க ஆள் வரட்டும் என்று மனைவி சொன்னாள். ஆள் வருவதற்குப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் அவர் ஏணியில் ஏறிவிட்டார். மூட்டு விட்டதும், வெறும் குழாய் என்று நினைத்துப் பிடித்த துண்டு கருங்கல் தூண் போலக் கீழே இறங்கியது. குழாயோடு அவரும் இறங்கினார்.

வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. தரையில் உட்கார்ந்தபடியே அவர் முதலில் பார்த்தது கையை இல்லை, குழாயின் வாயை. முஷ்டி நுழையும் அளவு இருந்த குழாயில் இப்போது இரண்டு விரல்தான் நுழையும். மற்ற இடமெல்லாம் சுண்ணாம்பு, கெட்டியாக, வெள்ளையாக, அங்கேயும் வளையம் வளையமாக.

கூடத்தை மூடினார்கள்.

மாவுக் கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பம்பரம் வீட்டில் இருந்த நாட்கள் துண்டக்காவின் பொறுமைக்கு வந்த சோதனை. இடது கையால் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். ஒழுகாத குழாயைக் கழற்றி ஒழுக வைத்தார். சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தார். தினமும் காலையில் தபால்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மூடிய கூடத்துக்குப் போய், பூட்டைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது இவர்கள் வீட்டைத் தாண்டி மெதுவாகப் போவார். முன்னெல்லாம் கைத்தடி கிடையாது.

"என்னப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறார்" என்றார் பம்பரம். "திட்டிட்டுப் போகலாம்ல."

"உங்களத் திட்டறதுக்கு நிக்கணும். அவரால நிக்க முடியல." துண்டக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொன்னத ஏன் செஞ்சீங்க?"

"ஊர் பேசுச்சே."

"ஊர் ரெண்டு வாரம் பேசும், அப்புறம் வேற பேசும். உங்களால பேசாம இருக்க முடியல, அப்புறம் செய்யாம இருக்க முடியல. போய் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. நீங்க இங்க நடக்கற நடைக்கு இந்நேரம் அவ ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்."

மறுநாள் அவர் பேருந்து ஏறினார். பல்கலைக்கழகத்தில் விசாரித்து விசாரித்து, நீளமான நடைவழியின் கடைசி அறையைக் கண்டுபிடித்தார். உள்ளே நுழைந்தவர் சொல்ல வந்ததை மறந்துவிட்டார். மேசை மேல் உருளைகள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றின் மேல் கண்ணாடி ஜாடிகள் படுத்தபடியே உருண்டன. ஒவ்வொன்றின் உள்ளும் தண்ணீரும் ஒரு பிடி மணியும். கொஞ்ச நேரம் உருளும், பிறகு இயந்திரம் தானாக நிற்கும், மணிகள் அடியில் படுக்கும், மறுபடி உருளும்.

"இது நம்ம தொட்டி மணியா மேடம்?"

பூதக்கண்ணாடி அவர் கையைப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

சொன்னார். குழாய், சுண்ணாம்பு, விழுந்தது, கூடம் மூடியது, தபால்காரர், எல்லாம். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் எங்கேயோ நடுவில் விழுந்துபோய்விட்டது. அதை அவர் தேடுவது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஊத்துத் தண்ணி மேல வந்ததும் சுண்ணாம்பு எங்கயாவது இறங்கித்தான் ஆகணும். முன்னாடி தொட்டிலயே பெரும்பகுதி மணி மேல இறங்கிடுச்சு. இப்ப அங்க இடம் இல்ல, குழாய்ல இறங்குது."

"அந்த உயிர நான் கொன்னதாலதானே?"

"அதத்தான் என்னால சொல்ல முடியல." முதல் தடவையாக அவள் குரலில் கோபம் எட்டிப் பார்த்தது. "நீங்க ரெண்டையும் ஒண்ணா பண்ணிட்டீங்க. உயிரையும் கொன்னீங்க, மணியையும் அள்ளிட்டீங்க. உயிர் போனதால இப்படி ஆச்சா, இல்ல உக்கார மணியே இல்லாததால ஆச்சா? ரெண்டு அறை தள்ளி இருக்கறவர்கிட்ட நான் இதச் சொன்னா அவர் கேக்கப்போற முதல் கேள்வி இதுதான்."

பம்பரம் ஜாடிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நின்றார். இன்னொரு நடை.

"அப்ப தனித்தனியா பண்ணிப் பாக்கலாமே. இப்பத்தான் தொட்டி காலியா இருக்கே."

அது ஒன்றும் பெரிய யோசனை இல்லை. அவளே அந்த அறையில் எத்தனையோ நாள் அதை யோசித்துக் குழம்பியவள்தான். தொட்டிக்குத் தன்னைத் திரும்ப விடுவார்களா என்பதுதான் அவள் தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. உயிரோடு இருக்கும் மணி என்று மிச்சம் இருப்பது இந்த ஜாடிகளில் இருப்பது மட்டும்தான். அதிலிருந்து எடுத்துத் தொட்டியில் போட்டு, அங்கே அது செத்துப்போனால், மிச்சம் கொஞ்சம்தான்.

"பாதி தர்றேன்" என்றாள் கடைசியில். "ஆனா ஒரு நிபந்தனை. தொட்டி அறைச் சாவி உங்ககிட்ட இருக்கக் கூடாது."

"யார்கிட்ட இருக்கணும்?"

"அத உங்க வீட்டுக்காரம்மாகிட்டக் கேட்டு முடிவு பண்ணுங்க."

துண்டக்கா சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மேனேஜர் முதலில் துள்ளினான். குழாயை மாற்றியே ஆக வேண்டும், மாற்றினாலும் அதுவும் அடைக்கும், அதற்கு வேறு வழி அவனிடமும் இல்லை என்று அக்காள் எடுத்துச் சொன்னதும் அடங்கினான்.

தொட்டிக்குள் இரண்டு கம்பிவலைக் கூண்டுகளை இறக்கினார்கள். ஒன்றில் ஜாடியிலிருந்து வந்த உயிருள்ள மணி. மற்றதில் பின்பக்கப் பள்ளத்திலிருந்து பொறுக்கி, கொதிக்க வைத்து, மருந்தில் ஊறவைத்துக் கொன்ற மணி. இரண்டும் ஊற்றுவாயிலிருந்து ஒரே தூரம். செத்த மணியைத் தினமும் எடுத்து மருந்தில் அலசிப் போட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரோடு வரும் உயிர் அதன் மேலும் குடியேறிவிடும். அந்த வேலையைப் பூதக்கண்ணாடி துண்டக்காவிடம்தான் ஒப்படைத்தாள். பம்பரம் கதவுக்கு வெளியே நின்று, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டிருப்பார். "மணி மணியா இருக்கு" என்பாள் அவள்.

மழைக்காலம் முழுக்க அப்படிப் போனது. முறிந்த கை கூடியது. குழாய்களை மாற்றினார். இந்த முறை இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, சின்னச் சின்னத் துண்டாக, எப்போது வேண்டுமானாலும் கழற்றித் தட்டிவிட்டு மாட்டும்படி செய்தார். ஆண்கள் குளத்தை மட்டும் முதலில் திறந்தார்கள். தபால்காரர் தண்ணீரில் இறங்கி, கழுத்து வரை அமிழ்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். பம்பரம் கரையில் நின்று அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ அங்க நின்னு பாத்தா வலி சீக்கிரம் போயிடாது" என்றார் அவர் கண்ணைத் திறக்காமலே. "போய் வேலையப் பாரு."

கூண்டுகளைத் தூக்கிய அன்று துண்டக்கா கவுன்டரைப் பூட்டிவிட்டு வந்து நின்றாள். உயிருள்ள மணி வழவழவென்று, கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்குப் பெருத்திருந்தது. அறுத்துப் பார்த்தபோது வெளிப்பக்கம் புதிதாக ஒரு வளையம், சீராக, சுற்றிலும் ஒரே கனத்தில். பம்பரம் கையைத் தட்டப் போனார். பூதக்கண்ணாடி அடுத்த கூண்டின் மணியை அறுத்தாள். அதிலும் ஒரு பூச்சு இருந்தது. மெல்லியது, திட்டுத் திட்டானது, ஒரு பக்கம் இருந்து மறு பக்கம் இல்லாதது. ஆனால் இருந்தது.

"செத்ததும் வளர்ந்திருக்கே மேடம்."

"கொஞ்சம் வளர்ந்திருக்கு."

"அப்ப அவர் சொன்னதும் சரியா? ரெண்டு அறை தள்ளி இருக்கறவர்."

"கொஞ்சம் சரி. நானும் கொஞ்சம் சரி. நிறைய சரின்னு தோணுது. ஆனா ஒரு மழைக்காலத்த வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது." அவள் முகத்தில் தோற்ற களை இல்லை, ஜெயித்த களையும் இல்லை. உருப்பெருக்கியைத் துடைத்து மறுபடி கண்ணில் வைத்தாள். "செத்த மணியில உயிர் முழுசா போச்சான்னு முதல்ல பாக்கணும். பசை காய்ஞ்சு ஒட்டியிருந்தாக்கூட அது சுண்ணாம்ப இழுத்திருக்கலாம். உயிர் போனாலும் அது விட்டுட்டுப் போன பசை வேலை செய்யுதோ என்னமோ."

"நான் ஒழுங்காத்தான் அலசினேன்" என்றாள் துண்டக்கா, கொஞ்சம் சூடாக.

"உங்க மேல சந்தேகமே இல்ல அக்கா. இதுங்க மேலதான்."

உயிருள்ள மணிகளைத் தொட்டியிலேயே விட்டார்கள். புதிய மணல் கொஞ்சம் தூவினார்கள். அடுத்த கோடைக்குள் அடித்தளத்தில் ஒரு பிடி, இரண்டு பிடி என்று சேர்ந்தது. குழாயில் படிவது குறைந்தது, நின்றுவிடவில்லை. பெண்கள் குளத்தையும் திறந்தபோது முதலில் வந்தவர்களிடம் துண்டக்கா துண்டை நீட்டியபடியே சொன்னாள்: "ஆமா, உள்ள உயிர் இருக்கு. உங்க வாய்லயும் இருக்கு, என் வாய்லயும் இருக்கு. இது கல்லு கட்டுது, நம்முது வம்பு கட்டுது. சோப்பு வேணுமா?" அவர்கள் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

பூதக்கண்ணாடிக்கு ஒரே ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு வாதம் செய்ய முடியாது. இதே மாதிரி தண்ணீர் வரும் வேறு ஊற்றுகள் வேண்டும். பெரும்பாலானவை யாரோ கட்டிவிட்டுப் போன கல் தொட்டிகளுக்குள், துருப்பிடித்த மூடிகளுக்குக் கீழே கிடந்தன. மூடியைத் திறக்க, குழாயை அவிழ்க்க, பழைய வால்வை உடைக்காமல் திருப்ப ஒரு ஆள் தேவைப்பட்டது. கூடத்தின் விடுமுறை நாட்களில் பம்பரம் அவளோடு போகத் தொடங்கினார். விடிந்ததும் கருவிப் பையோடு தெருமுனையில் நிற்பார். அவள் வண்டி வருவதற்கு அரை மணி முன்பே நிற்பார். துண்டக்கா கதவைச் சாத்திக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் அமைதியில் காலை நீட்டிப் படுப்பாள்.

அப்படிப் போன இடங்களில் ஒன்று, கைவிடப்பட்ட ஒரு தோல் பதனிடும் ஆலையின் பின்கட்டு. மூடியை நெம்பித் தூக்கினார். தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. அதே சூடு. அவள் புட்டியில் பிடித்துச் சோதித்துப் பார்த்தாள். அதே சுண்ணாம்பு, கிட்டத்தட்ட அதே அளவு. இடிந்த கூரை வழியாக வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்தது. ஓரமெல்லாம் பச்சையாக வழவழத்தது. உயிர் தாராளமாக இருந்தது. பம்பரம் குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டு அடியைத் துழாவினார். மணல் வந்தது, சரளை வந்தது, துருப்பிடித்த ஆணி ஒன்று வந்தது. உருண்டையாக ஒன்றும் வரவில்லை.

"இல்ல மேடம்."

"நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பாத்தேன். எல்லாம் இருக்கு, மணி மட்டும் இல்ல."

அவள் பக்கத்தில் மண்டியிட்டுத் தானும் கையை விட்டாள். இருவர் கையும் தண்ணீருக்குள் அங்கும் இங்கும் அலைந்தன. அவள் நிமிர்ந்து, ஈரக் கையோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பொங்கும் இடத்தையே பார்த்தாள்.

"எல்லாம் இருந்தும் ஏன் இல்ல?" என்றாள், அவரிடமா தண்ணீரிடமா என்று தெரியாமல்.

பம்பரம் எழுந்து சட்டையை உதறினார். குழியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தண்ணீர் பொங்குகிற விதத்தைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், அது வெளியேறும் ஓட்டையைப் பார்த்தார். எழும்பிய மணல் அந்த ஓட்டைப் பக்கமே போனது, உருண்டு நடுவுக்குத் திரும்பவில்லை. பிறகு கருவிப் பையை மறுபடி திறந்தார்.